நீ வெட்டிய பதினொரு நிமிஷம்

அன்புள்ள பிரவீன்,

தினமும் சாயங்காலம் ஃபோனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். ஃபோனில் சொல்ல மூன்று தடவை முயற்சி செய்தேன். முதல் தடவை அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். இரண்டாவது தடவை, கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்தாச்சா என்று நீ கேட்டாய், நான் பத்திரிகைப் பேச்சுக்குப் போய்விட்டேன். மூன்றாவது தடவை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நானே வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வாக்கியம் முழுசாக வரும். அதனால் நான் வேலை பார்க்கிற ஸ்கூல் லேபில் மிஞ்சிய ரெக்கார்டு நோட்டுத் தாளை எடுத்துவந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்தே வைக்கப்போகிறேன். அப்பா படிக்கட்டும். உன் அத்தை வந்தால் அவரும் படிக்கட்டும். ஒளித்து வைத்து ஒளித்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபம். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன்மேல் நான் கோபப்பட்டதே இல்லை என்று அத்தையிடம் நீ பெருமையாகச் சொல்வாய். பட்டிருக்கிறேன். உனக்குத் தெரியும்படி பட்டதில்லை, அவ்வளவுதான்.

வைகாசியில் உன் நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பித்தது இது. இலை போடுவதற்கு முன்னால் மண்டபத்துத் திரையில் நீ ஒரு வீடியோ போட்டாய். லங்காவியில் நீயும் உன் சிநேகிதர்களும் மூன்று பாய்மரப் படகுகளில் சேர்ந்து போய்வந்த பயணம். நாலு நிமிஷம், பின்னால் பாட்டு. காட்டூரிலிருந்து வந்திருந்த ஹேமா வீட்டு ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உன் அப்பா படகின் சக்கரத்தைப் பிடித்து நிற்கிற காட்சி வந்ததும் ஒரே கைதட்டல். "மாமா கேப்டன் ஆயிட்டாரு டோய்!" என்று ஹேமாவின் தம்பி விசில் அடித்தான். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். நான் வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காட்சி வரும் என்று காத்திருந்தேன். வெட்கத்தில் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்கூட. வீடியோ முடிந்து லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

அத்தைதான் கேட்டார். "ஏன் அண்ணி, நீங்களும்தானே பிளேன் ஏறிப் போனீங்க? ஒரு இடத்துலயும் ஆளைக் காணோம்?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். "அம்மாவா? கீழ ரூம்ல படுத்தவங்கதான் அத்தை, எந்திரிக்கவே இல்ல. ஒரே தலைசுத்தல். கரண்டி பிடிச்சதோட சரி." எல்லாரும் சிரித்தார்கள். "அவளுக்கு நம்ம கோயில் தெப்பத்தைப் பார்த்தாலே சுத்தும்" என்று அப்பா தன் பங்குக்குச் சேர்த்தார். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது என்ன என்று உனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஒரு இடத்திலாவது அது அப்படியே இருக்கட்டும்.

மாசி மாதம் அது. திருச்சியில் பிளேன் ஏறி, கோலாலம்பூரில் மாறி, நீ இன்ஜினியராக இருக்கிற ஹோட்டலுக்குப் பக்கத்தில் உன் ஃப்ளாட்டில் வந்து இறங்கினோம். மறுநாள் காலை நான் எழுந்தது முதல் சமையல். எட்டுப் பேருக்கு எலுமிச்சம்பழ சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், டப்பாவில் அப்பளம். படகுத்துறைக்கு வந்ததும், நான் பக்கத்தில் பையோடு நிற்கும்போதே, "அம்மா வரல. அவங்களுக்கு ஒத்துக்காது" என்று உன் சிநேகிதர்களிடம் சொன்னாய். ஒத்துக்குமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் படகில் ஏறியதே இல்லை, பின்னே எப்படித் தெரிந்தது உனக்கு? நானும் ஒன்றும் சொல்லாமல் பையை உன் கையில் கொடுக்கப்போனேன்.

பாக்கியம் அக்கா இல்லையென்றால் நான் அன்றைக்கு ஃப்ளாட்டுக்குத் திரும்பிப் போய்த் துணி மடித்திருப்பேன். உங்கள் கூட்டத்திலேயே பழைய படகு, மெதுவான படகு, அவரும் அவர் வீட்டுக்காரர் லிம் அங்கிளும் வைத்திருப்பதுதான். அக்கா அங்கேயே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற எனக்கு அவரைப் பார்த்ததும் பயமாகத்தான் இருந்தது. பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாங்க."

"நீங்க எந்தப் படகு?"

"நான் வீட்டுக்குப் போறேங்க."

"சாப்பாடு ஏறுது, சமைச்ச ஆளு இறங்குறதா? நல்லா இருக்கே கதை! நம்ம படகுல ஏறுங்க லா."

அந்த ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும். நீ ஏதோ சொல்ல வந்தாய். "நீ உன் படகைப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டார். என் சேலையைப் பார்த்து, "இதோட ஏறினா கயித்துல சிக்கி நீங்களும் கடல்ல, உங்களைப் பிடிக்க நானும் கடல்ல. அப்புறம் ரெண்டு நாளும் சந்தோஷமா இருக்கப்போறது எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லி, தன்னுடைய ட்ராக் பேன்ட்டையும் ஒரு டீ சர்ட்டையும் கொடுத்தார். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பேன்ட் போட்டேன். லைஃப் ஜாக்கெட்டை அவரே இறுக்கிக் கட்டிவிட்டார்.

துறையைத் தாண்டியதும் பாயை ஏற்றினார்கள். பாய் விறைத்ததும் லிம் அங்கிள் இன்ஜினை நிறுத்தினார். அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? மிக்சியை நிறுத்தியதும் சமையலறையில் சட்டென்று வேறு சத்தங்கள் கேட்குமே, அந்த மாதிரி. தண்ணீர் படகின் விலாவில் உரசுகிற சத்தம். கயிறு முனகுகிற சத்தம். அடுத்த படகில் உன் சிநேகிதன் சுரேஷ் எதற்கோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாயும், கவுழாது. அடியில ஈயக்கட்டி தொங்குது" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், மிதக்கும் பொருளின் சமநிலை. சாய்ந்த படகின் படம் போட்டு, இரண்டு அம்புக்குறி போட்டு, பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் போய், அங்கே பஸ் மாறித் திருச்சிக்கு வந்து படித்தவள் நான். வெங்காயக் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் படத்தை அத்தனை அழகாகப் போட்ட எனக்கு அது உண்மையிலேயே ஒரு படகு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வழக்கம். மூன்று படகும் சேர்ந்து போனால், மெதுவாகப் போகிற படகின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். உன் படகு எங்களைவிட நன்றாக ஓடும். ஆனாலும் நீ உன் பாயைத் தளர்த்தி விட்டு எங்களுக்காகக் காத்திருந்தாய். மணிக்கொரு தடவை ரேடியோவில் மூன்று படகும் பேசிக்கொண்டீர்கள். முதலில் சேருகிறவர்கள் சாப்பாட்டைப் பிரிப்பதில்லை. கடைசிப் படகு வரும்வரை நின்று, அதன் கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு சின்னத் தீவின் மறைவில் மூன்று படகையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினீர்கள். வறுவல் பாத்திரம் முதல் படகிலிருந்து கை மாறி வருவதற்குள் காலி. "கடைசியா வர்ற படகுக்கு இதான் மரியாதையா?" என்று லிம் அங்கிள் காலிப் பாத்திரத்தைத் தட்டித் தட்டிக் கத்தினார். மூன்றாவது படகில் வந்த டாக்டர் தம்பதி ஒரு தர்பூசணியை வீசினார்கள். நீ அதைப் பிடிக்கப் போய்த் தண்ணீரில் விழுந்தாய். சிரித்து எனக்கு விலா வலித்தது. என் மகன் இத்தனை நல்ல மனிதர்களோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் விட்டுவிட்டுப் போகாத கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி அங்கேயே படகுகளில் தங்கினோம். மறுநாள்தான் அந்தப் பதினொரு நிமிஷம். திரும்பி வருகிற வழியில் எதிர்க்காற்று. காற்றுக்கு நேர் எதிரே பாய்மரப் படகு போகாது, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாறி மாறித்தான் போகவேண்டும் என்று அக்கா சொன்னார். அது ஏன் என்று எனக்கு அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. விசையைக் கூறுகளாகப் பிரிக்கிற கணக்கு அது. நான் பாயையும் அலையையும் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் கவனித்திருக்கவேண்டும். "கொஞ்சம் பிடிங்க, டீ போட்டுட்டு வந்துடுறேன்" என்று படகைத் திருப்புகிற சுக்கானின் மரக்கையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனார். டீயோடு வந்து, எதிரே உட்கார்ந்து, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார். மரக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். பத்து நிமிஷம் குழப்பமாக இருந்தது, பிறகு கை தானாகப் பழகிவிட்டது.

"இப்ப திரும்பணும். சொல்லுங்க" என்றார் அக்கா.

படகு திரும்பும்போது பாயின் அடியில் இருக்கிற நீளக் கம்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். அதனால் சுக்கானைப் பிடித்திருப்பவர் முன்கூட்டியே கத்திச் சொல்லவேண்டும், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லவேண்டும். நான் "திரும்பலாங்களா?" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கம்பம் லிம் அங்கிளின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று.

"அம்மா தாயே! அவர் மண்டையில மிச்சம் இருக்கிறதே நாலு முடி! கத்துங்க!"

நான் கத்திப் பழகியவள் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவே "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் எத்தனையோ. அன்றைக்குக் கத்தினேன். "தயாரா? திரும்புறேன்!" "திருப்பு!" என்று இரண்டு பேரும் பதிலுக்குக் கத்தினார்கள். மரக்கையைத் தள்ளினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் போய் விறைத்தது. படகு எழுந்து, மறுபடி சாய்ந்து, ஓடியது. நான் சொன்ன சொல்லுக்கு அவ்வளவு பெரிய ஒன்று திரும்பியது, பிரவீன். தொப்பி போவதற்கு முன்னாலிருந்தே லிம் அங்கிள் அதையெல்லாம் தன் ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தார், மொத்தம் பதினொரு நிமிஷம்.

அப்போதுதான் ரேடியோவில் நீ வந்தாய். "ஆன்ட்டி, சுக்கான்ல யாரு?" "உங்க அம்மா!" பிறகு, "அம்மாவா? வேணாம் ஆன்ட்டி, வாங்கிடுங்க. ப்ளீஸ். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது." அக்கா ரேடியோவை வாயருகே வைத்து, "உன் படகைவிட நேராத்தான் போகுது லா. வேணும்னா பின்னாடி வந்து கத்துக்கோ" என்றார். மூன்று படகிலும் சிரிப்பு. மதியம் துறைக்கு வந்தபோது நீதான் முதலில் வந்து நின்றிருந்தாய். நான் வீசிய கயிற்றை எட்டிப் பிடித்தாய். "சூப்பர்மா" என்றாய். அந்த ஒரு சொல்லை மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தேன், நீ மண்டபத்தில் பேசும்வரை.

நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலறையில் உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா? "அந்தத் துண்டு எங்கப்பா?" என்றேன்.

"எந்தத் துண்டும்மா?"

"நான் படகு ஓட்டினது."

"ஐயோ அம்மா, அதுல நீ ட்ராக் பேன்ட் போட்டிருக்க. அவங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் இருந்தாங்க. அத்தை சும்மா விடுவாங்களா? உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

"எடுத்த, சரி. படுத்தே கிடந்தாங்கன்னு ஏன் சொன்ன?"

"சும்மா ஒரு காமெடிக்கும்மா. இதையெல்லாம் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு..."

பெரிசுபடுத்துகிறேன். இப்போது பெரிசுபடுத்துகிறேன். என் நல்லதுக்கு என்றாயே, நான் கடலில் என்ன தப்பு செய்தேன், நீ மறைத்துக் காப்பாற்ற? உன் அத்தை நாலு வார்த்தை சொல்வார் என்றால் அதைக் கேட்டுக்கொள்ள எனக்குக் காது இல்லையா? இருபத்தாறு வருஷமாகக் கேட்ட காதுதானே? உன் அப்பாவின் காட்சியில் சக்கரம் பிடித்த கையைப் பார்த்துக் கைதட்டினார்களே, திரையின் ஓரத்தை யாராவது பார்த்தார்களா? நான் பார்த்தேன். பாய் சுருட்டிக் கட்டியிருக்கிறது. நங்கூரக் கயிறு தண்ணீருக்குள் இறங்குகிறது. நின்ற படகில் நின்று எடுத்த காட்சி அது. நின்ற படகை ஓட்டினவருக்கு மண்டபமே கைதட்டியது. ஓடுகிற படகை ஓட்டினவளுக்குக் கரண்டி. உன் அப்பா கெட்டவர் இல்லை. தன் எலக்ட்ரிக் கடையில் யாராவது "கேப்டன் சார்" என்று கூப்பிட்டால் குழந்தை மாதிரி மகிழ்ந்துபோகிறார், மகிழட்டும். ஆனால் அது என்னிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்று உங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ட்ராக் பேன்ட் ஒரு சாக்கு என்றும் எனக்குத் தெரியும். அங்கிள் அனுப்பிய வீடியோ என் ஃபோனில் முழுசாக இருக்கிறது. ஸ்கூலில் மதியம் லேபைப் பூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதில் என் குரல் இருக்கிறது. உன் குரலும் இருக்கிறது. "வாங்கிடுங்க, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது." நீ வெட்டியது என் பேன்ட்டை இல்லை, பிரவீன், உன் அந்த வாக்கியத்தை. அந்த வாக்கியம் தப்பாகப் போனதை ஹேமா வீட்டார் பார்த்துவிடக்கூடாது. அதை வெட்டியபோது கூடவே நானும் வெட்டுப்பட்டேன்.

கோபத்தில் பாதியை என் பக்கம் திருப்பவேண்டும், அதற்கும் காரணம் இருக்கிறது. நாலாம் வகுப்பில் உனக்கு ஒரு அறிவியல் கண்காட்சி. ஊசி போடுகிற சிரிஞ்ச் நாலு, ரப்பர் குழாய், அட்டை. தண்ணீரை அழுத்தினால் தூக்குகிற கிரேன். ஒரு வாரம் ராத்திரிச் சமையலை முடித்துவிட்டு நான்தான் செய்தேன். குழாயில் காற்றுக் குமிழி நிற்காமல் தண்ணீர் நிரப்ப எத்தனை பாடு! உன் கிரேனுக்கு முதல் பரிசு. டீச்சர் கேட்டார், "யாருப்பா செஞ்சு குடுத்தது?" நீ வகுப்பறை வாசலில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க அப்பா, டீச்சர்" என்றாய். "ஆமாங்களா?" என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். பிள்ளையின் மானம், அப்பாவின் மரியாதை, இதில் நமக்கென்ன என்று ஆட்டினேன். ஒன்பது வயதில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அம்மாவின் வேலையை அப்பா பேருக்கு மாற்றி எழுதினால் அம்மா தலையை ஆட்டுவாள். நீ அதை மறக்கவில்லை. மண்டபத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட நீ மெனக்கெடவில்லை, ஆட்டுவேன் என்று அவ்வளவு நிச்சயம்.

இவ்வளவையும் நான் விழுங்கிக்கொண்டு போயிருப்பேன். பழக்கம்தானே. போன வியாழக்கிழமை நடந்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

ஹேமாவும் நானும் அவள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தோம். முடித்துவிட்டு ஜூஸ் கடையில் நின்றோம். அவள் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே கேட்டாள், "அத்தை, ஒண்ணு கேக்கலாமா? படகு ரொம்ப ஆடுமா?"

என் வாயில் பதில் இருந்தது, பிரவீன். சாயும், கவிழாது என்று. இன்ஜினை நிறுத்தினால் என்ன கேட்கும் என்று. எல்லாம் நுனியில் நின்றது. பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். உன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று தோன்றியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா. எனக்குத் தலையே தூக்க முடியல."

அவள் முகம் இறங்கிவிட்டது. "அவரும் அதான் சொன்னாரு. கல்யாணத்துக்கு அப்புறம் மூணு படகும் சேர்ந்து போகும்போது நானும் கயிறெல்லாம் இழுக்கலாம்னு நெனச்சேன் அத்தை. அதுக்காகவே ரெண்டு மாசமா நீச்சல் கிளாஸ் போறேன், எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கே முடியலன்னா எனக்கெல்லாம் எங்க. பேசாம உங்களை மாதிரி சமைச்சுக் குடுத்து அனுப்பிட்டு வீட்ல இருந்துக்குறேன். நீச்சல் கிளாஸையும் நிறுத்திடுறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மண்டபத்தில் நான் சிரித்தேனே, அதே சிரிப்பு.

அவள் காட்டூர் பஸ்ஸில் ஏறினாள். நான் எங்கள் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். உன்மேல் வந்த கோபம் இப்போது எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நீ என் பதினொரு நிமிஷத்தைத்தான் வெட்டினாய். நான் ஒரு பெண்ணை இனிமேல் படகிலேயே ஏறாதபடி செய்துவிட்டு, மீதி ஜூஸையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஸ்டாப் வந்தது. "இறங்கணும்!" என்று கத்தினேன். கண்டக்டர் திடுக்கிட்டுப் போய், "இறங்குங்க, இறங்குங்க. இங்கதானே இருக்கேன், ஏன் இந்தக் கத்து?" என்றார்.

கல்யாணம் ஆகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். அவளுக்கு ஒத்துக்காது என்று அவளைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதே. அவள் உன்னைவிட ஒன்றை நன்றாகச் செய்துவிட்டால், துறையில் ஒரு "சூப்பர்" சொல்லிவிட்டு ஊரில் வேறு கதை சொல்லாதே. மெதுவான படகுக்காகப் பாயைத் தளர்த்தத் தெரிந்தவன் நீ, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீர்மேல் தெரிந்தது தரையில் எப்படி மறந்துபோகும்?

இனி, இத்தனை நேரம் தள்ளித் தள்ளி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்குகிறாய். ஞாயிற்றுக்கிழமை ஹேமா வீட்டில் நம் மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் வீட்டு டிவியில் லிம் அங்கிள் எடுத்த வீடியோவை நீ போடவேண்டும். நான் என் ஃபோனிலிருந்து ஹேமாவுக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். வியாழக்கிழமையிலிருந்து எத்தனையோ தடவை விரலை வைத்துவிட்டு எடுத்தேன். அனுப்பினால் அவள் உன்னைப் பொய்க்காரனாகப் பார்ப்பாள், என்னையும்தான். ஒரு பெண் தாலி கட்டிக்கொள்வதற்கு முன்னால் அதைத் தனியாக ஃபோனில் தெரிந்துகொள்ளக்கூடாது. நம் வாயிலிருந்து தெரியவேண்டும். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்று நீ முதலில் சொல். அடுத்த வாக்கியத்தை நான் சொல்கிறேன், "நானும்." அப்பா ஏதாவது சமாளிக்க வருவார், விடாதே. பிறகு போடு. பதினொரு நிமிஷமும், ட்ராக் பேன்ட்டோடு, தொப்பி பறப்பதோடு. நான் கத்துகிற இடம் வரும். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவில் உன் குரல் வரும்.

அப்போது ரிமோட் உன் கையில்தான் இருக்கும். சத்தத்தைக் குறைக்காதே.

அம்மா